வெற்றுக் கட்டம்

இரண்டு இதழ்களுக்கு முன்னால், அதாவது இந்தப் பத்திரிகை வெளிவருகிற வேகத்தில் ஒன்றரை வருஷத்துக்கு முன்னால், ஓர் இளங்கவியின் முதல் தொகுப்பைப் பற்றி இந்தப் பக்கங்களில் எழுதியிருந்தேன். மொழிபெயர்ப்புகளில் படித்தவற்றின் எதிரொலியைக் கழித்துவிட்டால் இந்தப் புத்தகத்தில் மிச்சம் எதுவும் இல்லை என்று அதை முடித்திருந்தேன். சரியான அடி என்று இரண்டு நண்பர்கள் பாராட்டினார்கள். நமது சிறு உலகத்தில் இரண்டு பேர் பாராட்டினால் அது பரவலான வரவேற்பு. இந்தக் கட்டுரை அந்தக் கடைசி வாக்கியத்தைப் பற்றியது. ஆனால் மீன்களைப் பற்றிச் சொல்லாமல் அதற்கு வர முடியாது. சுற்றிவளைப்பதாகப் பட்டால் வாசகர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். நான் வந்து சேர்ந்த வழியும் அதுதான்.

நான் வங்கியில் கிளார்க். பி.ஏ. ஆங்கிலம் படித்தவனுக்கு ஷெல்லியைவிட ஸ்க்ரோல் புத்தகம்தான் சோறு போடும் என்பது எனக்கு இருபத்துமூன்று வயதில் தெரிந்துவிட்டது. மூன்று வருஷத்துக்கு முன்னால் நீலகிரியில் ஒரு கிளைக்கு மாற்றினார்கள். தேயிலைக்காரர்கள், உருளைக்கிழங்கும் காரட்டும் போடுகிறவர்கள், அவர்களுடைய நகைக் கடன்கள் என்று கிளை ஓடிக்கொண்டிருந்தது. கௌண்டருக்குக் கீழே மறைத்து வைத்து நான் படித்துக்கொண்டிருந்த பத்திரிகையை ஒரு நாள் ஒரு வாடிக்கையாளர் எட்டிப்பார்த்தார். மீன்வளம் படித்தவர். என்னைவிட இரண்டு வயது பெரியவர். அணைக்கு வந்து சேரும் ஓடைகளில் டிரவுட் மீன் முட்டையிடுவதைக் கணக்கெடுத்துக்கொண்டிருப்பதாகச் சொன்னார். கூட வர ஆள் இல்லை, ஞாயிற்றுக்கிழமைகளில் வர முடியுமா, காட்டுக்குள் போக இரண்டு பேருக்கு அனுமதி வாங்கியிருக்கிறேன் என்றார். எனக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் செய்வதற்கு ஒன்றும் இல்லை. "எண்ணத் தெரிஞ்சா போதும் சார்" என்றார். எண்ணுவதற்குத்தான் எனக்குச் சம்பளம் தருகிறார்கள்.

டிரவுட் நம்முடைய மீன் அல்ல. அதற்குத் தமிழில் பெயர்கூடக் கிடையாது. இந்திய மீன்களைப் பற்றிப் பெரிய நூல் எழுதிய ராணுவ மருத்துவர் பிரான்சிஸ் டே 1860களில் இந்த மலையில் டிரவுட்டைக் கொண்டுவந்து விட முயன்று தோற்றார். அடுத்த நூற்றாண்டின் தொடக்கத்தில் சென்னை ராஜதானியின் மீன்வளத்துறையில் இருந்த எச். சி. வில்சன் வெற்றி பெற்றார். அவர் நிலைபெறச் செய்தது வானவில் டிரவுட் என்கிற இனம். வட அமெரிக்காவின் மேற்குக் கரையைச் சேர்ந்தது. அவலாஞ்சியில் 1907இல் அதற்காக ஒரு பொரிப்பகம் ஏற்பட்டது. வெள்ளைக்காரர்கள் ஊர் ஞாபகம் வந்தபோது தூண்டில் போட்டு உட்கார்ந்திருக்க ஒரு மீன் வேண்டியிருந்தது, அவ்வளவுதான் காரணம். அணைகள் பிற்பாடு வந்தவை. கனடாவின் உதவியோடு குந்தா நீர்மின் திட்டம் வந்தபோது அவலாஞ்சி, எமரால்டு, அப்பர் பவானி என்று மலையின் மடிப்புகளிலெல்லாம் தண்ணீர் தேங்கியது. ஓடை மீன் அணை மீனாயிற்று. ஆனால் டிரவுட்டால் தேங்கிய நீரில் இனம் பெருக்க முடியாது. அதற்குக் குளிர்ந்து ஓடுகிற நீரும் கூழாங்கல்லும் வேண்டும். ஆகையால் வளர்ந்த மீன், காலம் வந்ததும், அணையை விட்டு ஓடைகளில் ஏறுகிறது.

நண்பருடைய கேள்வி இதுதான்: இந்த மீன் இங்கே தானாகப் பெருகுகிறதா, அல்லது பொரிப்பகத்திலிருந்து குஞ்சு விட்டுக்கொண்டே இருப்பதால் இருப்பதுபோலத் தெரிகிறதா? அணையில் வலை போட்டுப் பார்த்தால் இதற்குப் பதில் கிடைக்காது. வலையில் விழுகிற மீன் எங்கே பிறந்தது என்று அதன் முகத்தில் எழுதியிருப்பதில்லை. அமெரிக்காவின் மேற்குக் கரையில் பொரிப்பகத்து சால்மன் குஞ்சுகளை ஆற்றில் விடுவதற்கு முன்னால் முதுகில் வாலுக்கு அருகே இருக்கும் சிறு கொழுப்புத் துடுப்பை வெட்டிவிடுகிறார்கள். துடுப்போடு வருவது ஆற்றில் பிறந்தது, இல்லாமல் வருவது தொட்டியில் பிறந்தது. அலாஸ்காவில் இன்னும் நுட்பமாக, தொட்டி நீரின் வெப்பத்தை ஏற்றி இறக்கி, மீனின் செவிக்கல்லில் வளையங்கள் விழும்படி செய்கிறார்கள். மரத்தை அறுத்து வயது பார்ப்பதுபோலச் செவிக்கல்லை எடுத்துத் தேய்த்து, பிறந்த இடத்தைப் படித்துவிடலாம். எங்களிடம் இந்த வசதிகள் இல்லை. எங்களிடம் இருந்தவை ஒரு நோட்டு, ஒரு அளவு நாடா, ஒரு சுருள் சிவப்பு டேப், நாலு கண்கள்.

எனவே முட்டைக்குழிகளை எண்ணினோம். பெண் மீன் ஓடைப் படுகையில் ஒருக்களித்துப் படுத்து வாலால் அடித்து அடித்துச் சரளையைக் கிளப்புகிறது. கிளம்பிய கற்கள் நீரோட்டத்தில் சற்றுத் தள்ளிப் போய் விழுகின்றன. பள்ளம் ஆனதும் முட்டையிடுகிறது. ஆண் மீன் பக்கத்தில் நின்று விந்தைச் சொரிகிறது. பிறகு பெண் மேலே நகர்ந்து மறுபடி தோண்ட, அந்தக் கற்கள் வந்து முதல் பள்ளத்தை மூடுகின்றன. கடைசியில் மேற்பக்கம் ஒரு பள்ளமும் கீழ்ப்பக்கம் ஒரு மேடும் மிஞ்சும். முட்டைகள் மேட்டுக்குள் இருக்கின்றன. கற்களின் இடுக்குகளில் நீர் ஊடுருவி மூச்சுக் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். பத்து டிகிரி நீரில் பொரிக்க ஒரு மாதம் பிடிக்கும். நேற்றுத் தோண்டிய குழியைத் தூரத்திலிருந்தே கண்டுபிடித்துவிடலாம். புரண்ட கற்களின் கழுவின பக்கம் மேலே இருப்பதால் அந்த இடம் மட்டும் வெளிறிப் பளிச்சென்று இருக்கும். நாளாக ஆகப் பாசி பிடித்து மங்கிவிடும். அதனால்தான் வாராவாரம் போக வேண்டும். எண்ணிய குழிக்கு நேரே கரைப் புதரில் தேதி எழுதிச் சிவப்பு டேப் கட்ட வேண்டும். இல்லாவிட்டால் ஒரே குழியை இரண்டு தடவை எண்ணிவிடுவோம். ஓடைக்குள் கால் வைக்கவே கூடாது. ஒரு மிதியில் நூற்றுக்கணக்கில் போய்விடும்.

இதெல்லாம் கேட்க எளிதாக இருக்கிறது. முதல் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் நான் குழி என்று காட்டியவற்றில் பாதி குழியே இல்லை. காட்டெருமையின் குளம்படி, வெள்ளம் சுழித்த பள்ளம், வெயில் விழுந்த கல். இவற்றைவிடச் சிரமமானது மீனே தோண்டிய பொய்க் குழி. பெண் மீன் ஓரிடத்தில் தோண்டிப் பார்த்து, கல்லோ நீரோட்டமோ பிடிக்காமல், முட்டையிடாமலே போய்விடுவதுண்டு. எங்களோடு சில நாட்கள் ஒரு பெரியவர் வந்தார். வெகு காலம் பொரிப்பகத்தில் வேலை பார்த்தவர். பெண் மீனின் வயிற்றைத் தடவி முட்டையைத் தண்ணீர் படாத சட்டியில் பிழிந்து, ஆண் மீனின் விந்தைச் சேர்த்து இறகால் கலக்கிய கைகள் அவருடையவை. அவர் கரையில் நின்றபடியே, "இது சும்மா தோண்டினது சார், மேடு சேரலை பாருங்க" என்பார். எதை வைத்துச் சொல்கிறார் என்பது எனக்கு ஒரு மாதம் கழித்துத்தான் கொஞ்சம் பிடிபட்டது. இதற்கு எதிரான தவறும் உண்டு. ஒரு மீன் தோண்டிய இடத்திலேயே இன்னொன்று வந்து தோண்டும். இரண்டு ஒன்றாகத் தெரியும். இந்தத் தொழிலில் இருக்கிறவர்கள் இத்தகைய தவறுகளை மறைப்பதில்லை. ஒரே ஓடையை இருவர் தனித்தனியாக நடந்து எண்ணி, இருவருக்கும் உள்ள வித்தியாசத்தையே ஒரு தகவலாக வைத்துக்கொள்கிறார்கள். வங்கியில் சாயங்காலம் கணக்கு ஒத்துப்போகாவிட்டால் வித்தியாசத்தை சஸ்பென்ஸில் போட்டுவிட்டு மறுநாள் தேடுகிற மாதிரி.

மீனையே எண்ணுகிற வழியும் ஒன்று உண்டு. பீட்டர்சன் என்கிற டேனிஷ்காரர் பெயரால் வழங்குவது. ஐம்பது மீனைப் பிடித்து அடையாளம் போட்டு விட்டுவிடுகிறோம். பிறகு நாற்பது பிடிக்கிறோம். அதில் ஐந்தில் அடையாளம் இருந்தால் மொத்தம் சுமார் நானூறு. ஐம்பதை நாற்பதால் பெருக்கி ஐந்தால் வகுத்தால் ஆயிற்று. நண்பர் இதைச் சொன்னபோது எனக்கு உண்டான சந்தோஷம் பி.ஏ. வகுப்பில் எந்தக் கவிதையைக் கேட்டும் உண்டாகவில்லை என்று சொன்னால் மிகையாகாது. பார்க்காத மீனைப் பற்றிப் பார்த்த மீனை வைத்துச் சொல்ல முடிகிறது. ஆனால் அடையாளம் போட்டவன் நிஜமாகவே ஐம்பதுக்குப் போட்டிருக்க வேண்டும்.

இனி நான் செய்த காரியம். நாங்கள் ஓடையை மூன்று கட்டமாகப் பிரித்திருந்தோம். கீழ்க் கட்டம் அணையை ஒட்டியது. மேல் கட்டம் சோலைக்குள் ஏறுகிறது. டிசம்பர் கடைசியில் ஒரு ஞாயிறு. காலையில் புல்லெல்லாம் உறைபனி. நண்பர் கீழே இருந்துகொண்டு மேல் கட்டத்துக்கு என்னைத் தனியாக அனுப்பினார். சோலை விளிம்பை அடைந்தபோது மூடுபனி இறங்கிப் பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. உள்ளே ஏதோ கிளையை முறித்தது. காட்டெருமையாக இருக்கலாம், ஒன்றுமில்லாமலும் இருக்கலாம். ஒரு பாறையில் உட்கார்ந்து சிகரெட் பிடித்தேன். முக்கால் மணி நேரம் கழித்து நோட்டை எடுத்து, மேல் கட்டம் என்ற இடத்தில் 3 என்று எழுதினேன். ஏன் மூன்று? முந்தின வாரம் நண்பர் அங்கே நான்கு எண்ணியிருந்தார். நான்கு என்று போட்டால் காப்பியடித்ததுபோல இருக்கும். இரண்டு என்றால் குறைவு. மூன்று நம்பும்படியாக இருந்தது. ஒரு பொய்யை எழுதும்போது மனசு எவ்வளவு ரசனையோடு வேலை செய்கிறது என்பதை அன்று கவனித்தேன் என்று சொன்னால் அதுவும் பொய். அன்று எதையும் கவனிக்கவில்லை. இறங்கி வந்து டீ குடித்தோம்.

அடுத்த வாரம் நண்பரே மேலே போனார், நானும் கூடப் போனேன். ஐந்து புதிய குழிகள் இருந்தன. அவற்றில் மூன்று ஏற்கனவே மங்க ஆரம்பித்திருந்தன. எனவே எண்ணிக்கையில் என்மேல் சந்தேகம் வரக் காரணமே இல்லை. தற்செயலாக மூன்று என்பது சரியாகவே இருந்திருக்கலாம். ஆனால் கரைப் புதர்களில் அதற்கு முந்தின வாரத்து நான்கு டேப்கள் மட்டும் இருந்தன. என் தேதியிட்ட டேப் ஒன்றுகூட இல்லை.

"போன வாரத்து டேப் எங்க?"

"காத்துல போயிருக்கும்."

"மூணுமா?"

நான் சொல்லிவிட்டேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. கோபித்துக்கொண்டிருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். நோட்டை வாங்கி, அந்த மூன்றை ஒரே கோட்டால் அடித்தார். அடித்தது படிக்கும்படியாக இருந்தது, நாங்கள் லெட்ஜரில் அடிப்பதுபோல. பக்கத்தில் தன் முதலெழுத்தைப் போட்டார். அதற்குமேல் "பார்க்கவில்லை" என்று எழுதினார்.

"மூணு சரியாத்தானே இருக்கும் போலிருக்கு" என்றேன்.

"தப்பா எண்ணினா அதுக்குக் கணக்குல இடம் இருக்கு சார். எண்ணாம எழுதினதுக்கு இடம் இல்ல."

"அப்ப ஒரு பூஜ்யமாவது போடலாமே?"

அப்போதுதான் அவர் முதல் தடவையாகச் சற்று எரிச்சலோடு என்னைப் பார்த்தார். பூஜ்யம் என்றால் போய்ப் பார்த்து இல்லை என்று கண்டது. அது சம்பாதிக்க வேண்டிய எண். உறைபனியில் ஒன்றரை மைல் நடந்து, ஒவ்வொரு மடுவையும் பார்த்து, ஒன்றும் இல்லாமல் திரும்பி வந்தவனுக்குத்தான் அதை எழுத உரிமை உண்டு. பார்க்காதவன் எழுதக் கூடியது வெற்றுக் கட்டம் ஒன்றுதான். இரண்டையும் குழப்பினால் பிற்பாடு அந்த நோட்டைப் பார்க்கிறவன், இந்த ஓடையில் மீன் ஏறுவதில்லை என்று முடிவு கட்டுவான். முடிவு கட்டிய ஓடையை அப்புறம் யாரும் காப்பாற்றப் போவதில்லை. இதை அவர் இவ்வளவு கோவையாகச் சொல்லவில்லை. இறங்கி வரும்போது துண்டு துண்டாகச் சொன்னதை நான் சேர்த்திருக்கிறேன்.

2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் தொண்ணூறு சென்டிமீட்டருக்குக் குறையாத மழை கொட்டியது பலருக்கு ஞாபகம் இருக்கும். அந்த மாதிரி வெள்ளம் படுகைச் சரளையைப் புரட்டிப்போட்டுவிடும். அதற்குப் பிறகு வரும் வருஷங்களில் ஓர் ஓடையில் குழிகள் குறைந்தால் அது வெள்ளத்தின் வேலையா, அணையின் நீர்மட்டம் ஏறி இறங்குவதன் வேலையா, எண்ணப் போனவனின் சோம்பலா என்று பிரித்துச் சொல்ல நோட்டு ஒன்றுதான் சாட்சி.

அதே மலையின் இன்னொரு பக்கத்தைப் பற்றியும் அவர் சொன்னார். முக்குர்த்திப் பக்கம் விழுகிற மழை பைக்காராவாகி, மாயாறாகி இறங்குகிறது. குந்தாவின் நீர் பவானியில் சேருகிறது. இரண்டும் பவானிசாகர் அணையில் சந்திக்கின்றன. மாயாற்றில் ஒரு கெண்டை இனம் இருக்கிறது. முதுகு திமிலோடு கூடிய மாசீர். உலகத்தின் பெரிய மாசீர்களில் ஒன்று. 1873இல் எச். எஸ். தாமஸ் தூண்டில்காரர்களுக்காக எழுதிய புத்தகத்தின் காலத்திலிருந்தே காவிரி மாசீர் பிரசித்தம். ஆனால் அதற்குச் சரியான விஞ்ஞானப் பெயர் எது என்பது 2018இல்தான் தீர்ந்தது. 2007இல் கேரளத்துப் பாம்பாற்றில் கிடைத்த மீன்களை வைத்து விவரிக்கப்பட்டிருந்த தோர் ரெமதேவி என்கிற இனமும் இதுவும் ஒன்றுதான் என்று நிரூபித்தார்கள். பெயர் கிடைத்த கையோடு, அழிவின் விளிம்பில் இருப்பது என்ற பட்டியலிலும் அது ஏறிற்று. கடல் கடந்து வந்த டிரவுட்டுக்கு 1907இல் பொரிப்பகம் கட்டிய தேசத்தில், சொந்த ஆற்றின் மீனுக்கு நூற்றுச் சொச்சம் வருஷம் பெயர்ப் பத்தி வெற்றுக் கட்டமாக இருந்திருக்கிறது. எல்லோருக்கும் தெரிந்த மீன் என்பதால் யாரும் பார்க்கவில்லை.

நான் என்ன சொல்ல வருகிறேன் என்பது வாசகர்களுக்கு இதற்குள் தெரிந்திருக்கும். 1959இல் எழுத்து தொடங்கிய காலத்திலிருந்தே புதுக்கவிதையின்மேல் இருக்கிற குற்றச்சாட்டு அது இறக்குமதி என்பது. அதற்கு நமது பக்கத்திலிருந்து சொல்லப்பட்ட பதில்களும் பெரும்பாலும் வம்சாவளிப் பதில்கள்தான். சங்கத்தில் இருக்கிறது, சித்தர்களிடம் இருக்கிறது என்று. இரண்டு கட்சியுமே, வலையில் விழுந்த மீனைப் பிடித்துக்கொண்டு அதன் பாட்டனாரின் ஊரை விசாரிக்கிறவர்கள். எங்கிருந்து வந்தது என்பதல்ல விஷயம் என்று இப்போது எனக்குத் தோன்றுகிறது. இங்கே ஓடையேறி, இங்கத்திய கல்லைப் புரட்டி, முட்டையிடுகிறதா என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி. அப்படியானால் அது இந்த ஊர் மீன். இல்லையென்றால் வருஷா வருஷம் தொட்டியிலிருந்து கொண்டுவந்து விடுகிற மீன். ஆனால் இந்தக் கேள்விக்குப் பதில் அணைக்கரையில் உட்கார்ந்து கிடைக்காது. ஒவ்வொரு ஓடையாக ஏற வேண்டும். விமர்சகன் என்று சொல்லிக்கொள்கிற நான் எத்தனை ஓடைகளில் ஏறியிருக்கிறேன்?

அந்தத் தொகுப்பில் நாற்பத்தொரு கவிதைகள். நான் படித்தது பதினாறு. அவற்றில் எதிரொலிகள் இருந்தது உண்மை. பதினாறாவதில் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு, மிச்சத்தில் என்ன இருக்கும் என்று எனக்குத் தெரியும் என்கிற நிச்சயத்தோடு மூன்று பக்கம் எழுதினேன். கட்டுரைக்கு ஒரு முடிவு வேண்டியிருந்தது. "எதுவும் இல்லை" என்பது நன்றாக விழுந்தது. மேல் கட்டத்துக்கு 3 என்று எழுதியதற்கும் இதற்கும் ஒரு வித்தியாசம் உண்டு. ஓடையில் நான் இருந்ததாகப் பொய் சொன்னேன். இங்கே இல்லையென்று பொய் சொன்னேன். இரண்டாவது பொய்யைப் பிடிக்க சிவப்பு டேப் எதுவும் இல்லை. நமது பத்திரிகைகளில் மதிப்புரை எழுதுகிறவன் எந்தப் பக்கம்வரை நடந்தான் என்று புதரில் கட்டிவிட்டு வருவதில்லை.

ஜனவரியில் புத்தகம் முழுவதையும் படித்தேன். ஒளித்து வைக்கப்பட்ட மகாகவி ஒருவரைக் கண்டுபிடித்துவிட்டேன் என்று சொல்லப் போவதில்லை. பெரும்பாலானவை இன்னமும் எனக்குத் தோண்டிப் பார்த்துவிட்டுப் போன குழிகளாகத்தான் படுகின்றன. ஆனால் முப்பத்துமூன்றாவது கவிதை விசைத்தறி இருக்கிற ஒரு வீட்டைப் பற்றியது. மின்சாரம் போய்த் தறி நின்ற பிறகும் அந்த வீட்டில் எல்லோரும் கொஞ்ச நேரத்துக்குக் கத்தியே பேசிக்கொண்டிருக்கிறார்கள். பிறகு ஒவ்வொருவராகத் தங்கள் குரலைக் கேட்டுக் கூச்சப்பட்டு நிறுத்துகிறார்கள். இது எந்த மொழிபெயர்ப்பிலிருந்தும் வந்ததல்ல. இதன் கற்கள் சோமனூர்ப் பக்கத்துக் கற்கள். முப்பத்தொன்பதாவது கவிதையையும் நான் அப்படியே சொல்வேன். நாற்பத்தொன்றில் இரண்டு. முதல் தொகுப்புக்கு இது குறைவான எண்ணிக்கையா என்பதில் என்னோடு யாரும் வாதிடலாம். இப்போது வாதிடுவதற்கு ஒரு எண்ணிக்கை இருக்கிறது.

கவிஞருக்கு ஒரு கடிதம் எழுதினேன். பதில் வரவில்லை. அதையும் நான் எந்த எண்ணாகவும் எழுதிவைக்கவில்லை. ஆசிரியரிடம் கேட்டதில், பழைய மதிப்புரையைத் திருத்த இடம் கிடையாது, வேண்டுமானால் தனியாக ஏதாவது எழுது என்றார். எழுதிவிட்டேன். அந்த இதழ் கையில் இருக்கிறவர்கள் என் மதிப்புரையின் கடைசி வாக்கியத்தை, படிக்கும்படியாக, ஒரே கோட்டால் அடித்துவிட்டு மேலே "பார்க்கவில்லை" என்று எழுதிக்கொள்ள வேண்டும். முதலெழுத்தை என் சார்பில் போட்டுக்கொள்ளலாம்.

இந்தக் குளிர்காலத்திலும் ஞாயிற்றுக்கிழமைகளில் போய்க்கொண்டிருக்கிறேன். மேல் கட்டத்தை நண்பர் மறுபடியும் எனக்கே கொடுத்திருக்கிறார். போன வாரம் முழுவதும் நடந்தேன். எழுதியது பூஜ்யம்.